தோளில் அழுந்தும் சுமை

மாணவ நண்பர்களே, ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். ஒரு பையில் ஒரு கிலோ கேழ்வரகைப் போட்டுக் கட்டுங்கள். அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு 5 நிமிடம் நில்லுங்கள். பிறகு அதே பையைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் முறை ஒன்றும் தெரியாது. இரண்டாம் முறை ஒரு நிமிடத்திற்குள் தோள் கடுக்கத் தொடங்கிவிடும். கேழ்வரகின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அது இருந்த தொலைவுதான் மாறியது.

இது உங்கள் பாடநூலில் உள்ள நெம்புகோல்தான். கிணற்றடியில் முன்பு ஏற்றம் இறைத்தார்களே, அதுவும் இதே தத்துவத்தில்தான் இயங்கியது. ஆதாரப்புள்ளிக்கு ஒரு புறம் பளு, மறுபுறம் திறன். நம் உடலில் முதுகெலும்பு ஆதாரப்புள்ளி. அதற்கு முன்னால் தொங்கும் எடை பளு. அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் முதுகுத் தசைகள் இழுக்கும் விசையே திறன்.

சில பெண்களுக்கு மார்பகங்கள் மிகப் பெரிதாக வளர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 3 கிலோ. அந்த எடை முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. முதுகுத் தசைகளோ முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் அளவே பின்னால் உள்ளன. கணக்கிடுங்கள்: 3-ஐ 20-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 12. அதாவது, 3 கிலோவைத் தாங்குவதற்குத் தசைகள் 12 கிலோவுக்குரிய விசையுடன் இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகெலும்பின் மீது இரண்டும் சேர்ந்து 15 கிலோவாக அழுத்தும். இது தோராயக் கணக்குதான். ஆனால் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றில் ஏன் தீராத வலி வருகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது அல்லவா?

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திற்குத் தெற்கே ஏரியூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெண்களின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். குனிந்து களையெடுக்க வேண்டும். நிலக்கடலை பறிக்க வேண்டும். குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். இத்தனைக்கும் மேல் உடலோடு ஒட்டிய இந்தப் பாரமும் இருந்தால்? உள்ளாடையின் பட்டை தோளில் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்துவிடும். மார்பின் அடி மடிப்பில் வியர்வை தேங்கி, பூஞ்சைக் காளான் படர்ந்து, தோல் சிவந்து புண்ணாகும். வெயில் காலத்தில் இது பெருந்தொல்லை. பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. வகுப்பில் ஒரு மாணவி எப்போதும் கூன் போட்டு, புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி நடந்தால், அது அவளுடைய கூச்சம் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. வலியாகவும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

மார்பகத்தில் பால் சுரப்பிகளும், கொழுப்புத் திசுவும், இவற்றைத் தாங்கும் இணைப்புத் திசுவும் உள்ளன. பருவம் எய்தும்போது ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்கள் இவற்றை வளரச் செய்கின்றன. இரத்தத்தில் ஹார்மோன் அளவு இயல்பாக இருந்தும், சிலருடைய திசுக்கள் அதற்கு அதிகமாக இசைந்து வளர்கின்றன. பரம்பரை, உடற்பருமன், பேறுகாலம் ஆகியனவும் காரணமாகலாம். மிக அரிதாக, பருவ வயதில் சில மாதங்களிலேயே அளவு கடந்து பெருத்துவிடுவதும் உண்டு. 1669-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து மருத்துவர் டர்ஸ்டன், இலண்டன் ராயல் சங்கத்திற்கு இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தப் பெண் இறந்த பின் ஒரு மார்பகத்தை எடுத்து நிறுத்தபோது 64 பவுண்டு இருந்ததாம். ஏறக்குறைய 29 கிலோ! அன்று அவருக்கு உதவ மருத்துவத்தில் வழி இல்லை.

எண்ணெய் தடவினால் குறையும், களிம்பு பூசினால் கரையும் என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. தோலில் பூசும் எண்ணெய் உள்ளே இருக்கும் சுரப்பியைக் கரைக்காது. உடல் எடையைக் குறைத்தால், கொழுப்பு மிகுதியாக உள்ளவர்களுக்கு ஓரளவு குறையும். சுரப்பித் திசு மிகுந்தவர்களுக்கு அதனாலும் பெரிய பயன் இராது. அவர்களுக்கு உள்ள வழி மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சையே.

காம்பை அறுக்காமல் காயை மாற்றுவது

இதைச் செய்பவர்கள் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள். பிளாஸ்டிக் என்றதும் குடத்தையும் வாளியையும் நினைத்துவிடாதீர்கள். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு 'உருக்கொடுப்பது' என்று பொருள். ஜெர்மானிய மருத்துவர்கள் 1800-களின் முற்பகுதியிலேயே இச்சொல்லை அறுவைக்கு வைத்துவிட்டார்கள். செயற்கைப் பிளாஸ்டிக்கான பேக்லைட் வந்ததோ 1907-இல்தான்.

அதிகப்படியான சதையை வெட்டி எடுப்பது கடினமன்று. முலைக்காம்பை உயிருடன் வைத்துக்கொண்டு, அதை மேலே சரியான இடத்திற்கு நகர்த்துவதுதான் கடினம். பெருத்துத் தொங்கும் மார்பகத்தில் அது மிகவும் கீழே இறங்கியிருக்கும். அதை முழுதும் வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் உணர்ச்சி போய்விடும். பால் வரும் வழியும் அறுந்துவிடும். இரத்த ஓட்டம் நின்றால் திசுவே கருகிவிடும். எனவே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள ஒரு பட்டைத் திசுவை அறுக்காமல் விட்டு, அதன் துணையோடு நகர்த்த வேண்டும். பூசணிக் கொடியில் காயை வேறு பக்கம் திருப்பி வைக்கிறோம். காம்பு அறுபடாதவரை காய் வாடுவதில்லை. அதைப் போன்றதே இது.

இந்த உத்தி நம் நாட்டுக்குப் பழையது. திப்பு சுல்தானுக்கும் கும்பினிக்கும் நடந்த போரில், ஆங்கிலேயப் படையிலிருந்த மாட்டுவண்டியோட்டி கவாஸ்ஜி சிறைப்பட்டு மூக்கறுபட்டார். (அந்தப் போரின் முடிவில், 1792-இல்தான் தருமபுரி அடங்கிய பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது.) புனே அருகே ஒருவர் கவாஸ்ஜியின் நெற்றித் தோலைக் கீறி, புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, அத்தோலைக் கீழே திருப்பி மூக்காக அமைத்தார். புதிய இடத்தில் இரத்தக் குழாய்கள் வேர்விட்ட பிறகே அந்தக் காம்பு அறுக்கப்பட்டது. 1794-இல் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்துடன் வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் வியந்து கற்றுக்கொண்டார்கள்.

மார்பக அறுவையில் 1930-இல் ஷ்வார்ட்ஸ்மன் என்பவர், தோலின் அடிப்பகுதியிலுள்ள இரத்தக் குழாய் வலையைக் காப்பாற்றினாலே முலைக்காம்பு பிழைக்கும் என்று காட்டினார். 1956-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வைஸ், சாவித் துவார வடிவில் ஓர் அளவுப்படம் அமைத்தார். தையற்காரர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வைஸுக்கு அந்த யோசனை வந்ததும் உள்ளாடை தைக்கும் அளவுப்படங்களிலிருந்துதான்! அந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது.

அறுவைக்கு முன்

அவசர அறுவை அன்று இது. பொதுவாக மார்பக வளர்ச்சி முற்றுப்பெறும் வரை, ஏறத்தாழ 18 வயது வரை, காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மீண்டும் வளர்ந்துவிடக்கூடும். துன்பம் மிகுதியாக உள்ளவர்களுக்கு முன்னரே செய்வதும் உண்டு.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பார்கள். நம் கிராமங்களில் இரத்தச்சோகை மலிந்திருப்பதால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சர்க்கரை, இதயத் துடிப்பு வரைபடம், வயதுக்கேற்ப மார்பக ஊடுகதிர்ப் படம் அல்லது ஒலியலைச் சோதனை ஆகியவையும் உண்டு. புகையிலையை அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே விட்டுவிட வேண்டும். பீடி, சிகரெட்டு மட்டுமல்ல, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதில் சேரும். நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. காம்புத் திசுவின் இரத்த ஓட்டத்தை நம்பியே முழு அறுவையும் நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பாட்டி வாயில் அடக்கும் புகையிலையை ஊரில் யாரும் ஒரு பழக்கமாகவே எண்ணுவதில்லை; மருத்துவர் கேட்டாலும் 'இல்லை' என்றே பதில் வரும். அதனால்தான் இதைத் தனியே சொல்கிறேன்.

அறுவை நாளன்று, நோயாளி நின்றுகொண்டிருக்கும்போதே மருத்துவர் பேனாவால் தோலில் கோடுகள் வரைவார். ஏன் நிற்க வேண்டும்? படுத்தால் புவியீர்ப்பு வேறு திசையில் இழுக்கும், வடிவமே மாறிவிடும். படுக்கையில் போட்ட அளவு நிற்கும்போது பொருந்தாது.

முழு மயக்கத்தில் அறுவை நடக்கும். பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சில நூறு கிராம் முதல் ஒரு கிலோவுக்கு மேலும் திசு எடுக்கப்படலாம். எடுத்ததை எறிந்துவிடுவதில்லை. நோய்க்குறி ஏதேனும் உண்டா என்று நுண்ணோக்கியில் பார்க்க ஆய்வகத்திற்கு அனுப்புவார்கள். தையல் பெரும்பாலும் நங்கூர வடிவில் அமையும்: முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடி மடிப்பில் ஒரு வளைவு. நம் பக்கத்துப் பரிசல்களுக்கு நங்கூரம் ஏது? கப்பல் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் சொன்ன கணக்கிற்குத் திரும்புவோம். ஒவ்வொரு பக்கமும் 750 கிராம் எடுத்தால், முன்னால் தொங்கும் எடை 3 கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ ஆகும். தசைகள் இழுக்க வேண்டிய விசை 12-லிருந்து 6 ஆகக் குறையும். குறைத்தது ஒன்றரைக் கிலோ, தசைக்கு மிச்சமானது 6 கிலோ! இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் மிகப் பலர், மற்றப் புண் ஆறும் முன்பே தோள்பாரம் இறங்கிவிட்டதை உணர்வதாகச் சொல்வது இதனால்தான்.

வீடு திரும்பிய பின்

மயக்கம் தெளியும்போது குமட்டலும் நடுக்கமும் வரலாம். மார்பில் கட்டு இருக்கும். சில சமயம் கசியும் இரத்த நீர் வெளியேற மெல்லிய வடிகுழாய்கள் இருக்கும். ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் வலி இருக்கும். மாத்திரையால் அடங்கும் வலிதான் அது. அடுத்த நாளே எழுந்து மெல்ல நடக்கச் சொல்வார்கள். அசையாமல் படுத்துக் கிடந்தால் கால் இரத்தக் குழாயில் கட்டி உறையக்கூடும். ஓரிரு நாளில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்துவிடலாம்.

உண்மையான சோதனை வீட்டில்தான் தொடங்குகிறது. 4 முதல் 6 வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 15 லிட்டர் கொள்ளும் குடம் 15 கிலோ! அதை ஒரு முறை இடுப்பில் தூக்கினால் உள்ளே போட்ட தையல் பிரியலாம்; இரத்தம் கட்டிக்கொள்ளலாம். கிணற்றில் சேந்துவது, மாவாட்டுவது, பரணில் கையை உயர்த்தி எடுப்பது, முறத்தில் புடைப்பது யாவும் மார்புத் தசையை இழுக்கும் வேலைகள். வெளியே பார்த்தால் புண் ஆறினாற்போல் தோன்றும். இரண்டாம் வாரத்திலேயே 'சும்மாதானே இருக்கிறாய்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆறும் திசுவுக்குப் பழைய வலிமை வருவதற்குப் பல வாரங்கள் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் அத்தையோ அக்காளோ இந்தச் சிகிச்சை செய்துகொண்டு வந்தால், குடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை இரவும் பகலும் சுமார் 6 வாரம் அணிய வேண்டியிருக்கும். மல்லாந்து படுப்பது நல்லது. குளிக்கும் நாளை மருத்துவர் சொல்வார்.

உணவைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் வேரோடியிருக்கிறது. கத்தி பட்ட உடம்புக்கு முட்டை ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, வெறும் இரசஞ்சோற்றில் பத்தியம் வைப்பார்கள். சீழ் பிடிப்பது கிருமிகளால், கத்திரிக்காயினால் அன்று. புதுத் திசு கட்டப் புரதம் வேண்டும். ஆகவே முட்டை, பால், பருப்பு, கொள்ளு, மீன், முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் பத்தியம் வைப்பது, வீடு கட்டும்போது கொத்தனாருக்குச் செங்கல் கொடுக்காமல் இருப்பது போன்றது. மஞ்சள் பற்றும் வேப்பெண்ணெயும் தையல்மேல் போடக் கூடாது. அவை கிருமி நீக்கியவை அல்ல.

எது இயல்பு, எது ஆபத்து? வீக்கம், கன்றிய நிறம், ஆங்காங்கே மரத்துப்போதல், திடீரென்று சுரீர் என்று குத்துதல் ஆகியவை முதல் சில வாரங்களில் இயல்பு. அறுபட்ட நுண் நரம்புகள் மீண்டும் வளர்வதன் அடையாளம் அந்தக் குத்தல். நங்கூரத்தின் மூன்று கோடுகள் சந்திக்கும் முனையில் தையல் சற்றுப் பிரிவதும் பலருக்கு நேரும். அங்கே இழுவிசை மிகுதி. பொறுமையாகக் கட்டுப்போட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல்லாக இறுகினாலோ, காய்ச்சலும் சீழும் கண்டாலோ, முலைக்காம்பு கறுத்தாலோ, கெண்டைக்கால் வீங்கி மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தழும்பு நிச்சயம் இருக்கும். அதை மறைத்துச் சொல்லும் மருத்துவரை நம்பாதீர்கள். முதல் சில மாதம் தடித்துச் சிவந்து அல்லது கறுத்துத் தெரியும், ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மங்கும், முற்றிலும் மறையாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு புடைத்து வளரும் வாய்ப்புச் சற்று அதிகம். காம்பின் உணர்ச்சி சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். தாய்ப்பால் கொடுப்பது பலருக்கு இயலும், சிலருக்குப் பால் குறையும், சிலருக்கு இயலாது. திருமணமாகாத பெண்ணுக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, முடிவை அவளிடம் விட வேண்டும். இறுதி வடிவம் அமைய ஆறு மாதத்திற்கு மேலும் ஆகலாம். பின்னாளில் உடல் பெருத்தாலோ கருவுற்றாலோ மீண்டும் ஓரளவு பெரிதாவதுண்டு.

பையன்களுக்கும் உண்டு

சிரிக்க வேண்டாம். பருவ வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்பில் சிறு வீக்கம் தோன்றுகிறது. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு உண்டு. பருவ மாற்றத்தின்போது ஹார்மோன்களின் சமநிலை சற்றே தடுமாறுவதே காரணம். பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். நாகமரைப் பக்கம் ஆற்றில் குளிக்கும்போது சட்டையைக் கழற்ற மறுக்கும் தோழன் இருந்தால் அவனைச் சீண்டாதீர்கள். நீண்ட காலம் மறையாமல் இருந்தால் அதற்கும் அறுவை உண்டு. ஏழாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் பவுலஸ், ஆண்களுக்கான இந்த அறுவையைப் பிறை வடிவக் கீறலுடன் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கே போவது?

தனியார் மருத்துவமனையில் செலவு பெரிது. சென்னையிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவைத் துறை உண்டு. கைச் சீரமைப்பு அறுவையில் பேராசிரியர் வெங்கடசாமி புகழ்பெறச் செய்த துறை அது. ஏரியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திற்கும் அந்த மருத்துவமனைக்கும் ஒரே ஆளுநரின் பெயர்தான் வைக்கப்பட்டது. 2018-இல் அங்கே மார்பகச் சீரமைப்பு அறுவைகளை இலவசமாகச் செய்வது பற்றிய செய்தி நாடெங்கும் விவாதமாயிற்று. உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது ஏழைகளுக்கு அழகுச் சிகிச்சை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அரசுப் பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மார்பகக் குறைப்பை அழகுக் கணக்கில் மட்டும் எழுதுவது சரியன்று. நெம்புகோல் விதி பணக்காரருக்கு ஒன்று, கூலி வேலை செய்பவருக்கு ஒன்று என்று இல்லை. உண்மையில் நாள் முழுதும் குனிந்து உழைப்பவருக்கே அது கடுமை.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவரையோ செவிலியரையோ பார்த்துச் சொன்னால் போதும். அங்கிருந்து 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். வேண்டுமானால் அதற்கு மேலும் பரிந்துரைப்பார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், எவ்வளவு நாளாக வலி, எந்த வேலையில் அதிகம், மடிப்பில் புண் எத்தனை முறை வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். பரிந்துரைச் சீட்டையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். துணைக்கு ஒரு பெண் உறவினர் வருவது நல்லது. தையல் பார்க்க மீண்டும் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். பேருந்துச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.